வெள்ளிக்கிழமையில் முசுறு

பத்தரைக்கு விசில் ஊதும்.
கிளறிய மண்ணைக் கிளறியபடி விட்டு
சிவப்புத் தடிகளுக்கு இப்பால் வந்து
முகக்கண்ணாடியைக் கழற்றுவோம்.
கவசம் இறங்கிய பிறகுதான்
பசிக்கு எங்கள் ஞாபகம் வரும்.

அம்பகாமத்துக் காட்டோரம்
கூடாரத்தடியில் ஆறு சாப்பாட்டுப் பெட்டிகள்.
ஐந்தில் புட்டு.
ஆறாவது வன்னாக்கினுடையது.
கம்போடியாவிலிருந்து மேற்பார்வைக்கு வந்தவர்.
'வன்னிக்கெண்டே வைச்ச பெயர்' என்று
முதல்நாளே சிரித்தவள் ஜெசிந்தா.

அன்றைக்கு அவர் விடியமுன் எழும்பி
முகாமுக்குப் பின்னால் நிற்கும் மாமரத்தில் ஏறி
முசுறுக் கூடொன்றை இலையோடு முறித்து
வாளித் தண்ணீரில் உதறி
எறும்பும் வெள்ளை முட்டையுமாய் அள்ளி
உள்ளியும் செத்தல் மிளகாயும் போட்டு
வறுத்துக்கொண்டு வந்திருந்தார்.

முசுறு எனக்குப் புதிதில்லை.
மாங்காய் ஆயப் போய்
கழுத்திலும் கையிடுக்கிலும் வாங்கியிருக்கிறேன்.
இத்தனை வருஷமும் அவை என்னைத்தான் கடித்தன.

'இண்டைக்கு வெள்ளி, நான் மச்சமில்லை'
என்று தள்ளி இருந்தாள் கோமளேஸ்வரி.
'எறும்பு மச்சமோ?'
'இரத்தமில்லை எண்டால் மரக்கறிதான்'
இது குகநேசன் அண்ணை.
'அப்ப முட்டை?'
'அது எறும்பின்ரை முட்டையெல்லோ!'
மிதிவெடி ஒன்றைச் சுற்றிக்கூட
நாங்கள் இவ்வளவு நேரம் கதைத்ததில்லை.
வன்னாக் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்,
தீர்ப்புக்குக் காத்திருக்கும் ஆள் போல.

நான் ஒரு கரண்டி எடுத்தேன்.
முதலில் தேசிக்காய்.
பிறகு மாங்காய்க் காம்பின் பால்.
பிறகு பல்லிடுக்கில்
நொறுக் என்று ஒரு சின்னச் சத்தம்.
உடம்பு முழுதும் நின்று கேட்டது.
எங்கள் வேலையில்
சின்னச் சத்தத்துக்கு அப்படித்தான் நிற்போம்.
ஒன்றும் நடக்கவில்லை.
விழுங்கினேன்.
இன்னொரு கரண்டி எடுத்தேன்.

அடுத்த கிழமை எங்கள் முறை.
சுட்ட கருவாட்டை மோந்து கண்ணை மூடி
'அம்மா' என்றார், எங்கள் சொல்லாலேயே.
ஒடியல் கூழை
நண்டுக் காலோடு உறிஞ்சி மூன்று கோப்பை குடித்தார்.
பாவற்காய்ச் சம்பலுக்கு முகம் சுளிக்கவேயில்லை.
தோற்றுக்கொண்டே போனோம்.

கடைசியாகக் கோமளேஸ்வரி
முத்தையன்கட்டிலிருந்து எருமைத் தயிர் கொண்டுவந்தாள்.
கவிழ்த்தாலும் விழாத தயிர்.
பனங்கட்டியைச் சீவிப் போட்டு நீட்டினாள்.
ஒரு வாய் வைத்தவர்
கூடாரத்துக்குப் பின்னால் ஓடினார்.
துப்பி, கொப்பளித்து, திரும்பி வந்து
சட்டியைக் கைகாட்டிச் சொன்னார்:
'பால்... செத்துப்போச்சு.'

ஜெசிந்தா சிரித்ததில் புரையேறியது.
எறும்பு தின்கிற மனுசன்,
சிலந்தி பொரித்த கதை சொன்ன மனுசன்,
தயிருக்கு ஓடினான்!

சிரிப்பு அடங்கிய இடத்தில்
அவர் தானாகவே சொன்னார்.
ஐந்து வயதில் தின்ற எறும்புக்கு
உள்ளி இல்லையாம், மிளகாய் இல்லையாம்,
வறுக்க நெருப்பும் இல்லையாம்.
யாராவது கண்டால் அடிப்பார்களாம்.
அவ்வளவுதான் சொன்னார்.
நீங்கள் என்ன தின்றீர்கள் என்று
எங்களைக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால்
விதைநெல்லைக் குத்தினதைச் சொல்லியிருப்பேன்,
உப்புக்குக் கடல்தண்ணீர் விட்ட கஞ்சியை.
மற்றதைச் சொல்லியிருக்க மாட்டேன்.
கோமளேஸ்வரிதான்
பெட்டியை மூடிக்கொண்டே,
யாருக்கென்றில்லாமல்:
'பங்கருக்குள்ளையும் வெள்ளிக்கிழமை வந்தது.
அப்ப நான்
மச்சமோ எண்டு கேக்கேல்லை.'

காற்றில் பாலையிலை ஒன்று வந்து விழுந்தது.
தயிர்ச் சட்டியின் விளிம்பில்
பனங்கட்டிக்கு முசுறுகள் ஏறத் தொடங்கின.
ஒன்று வழுக்கி உள்ளே விழுந்தது.

வன்னாக் அதை விரலால் தூக்கினார்.
அரைவாசி எறும்பு, அரைவாசி தயிர்.
என்ன செய்வதென்று தெரியாமல்
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசில் ஊதியது.